டிராகன் சிசிலியனில் (கறுப்பு ஜி7-இல் பிஷப்பை நிறுத்தும் சதுரங்கத் தொடக்கம்) எச் வரிசை திறந்த பிறகும் வெள்ளையின் தாக்குதல் ஏன் பிசுபிசுத்துப் போகிறது?

எச்7-இல் மேட் கண்ணில் பட்டதும் கை பரபரக்கும், சறுக்கலும் அங்கேதான். பலி கொடுக்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள்: உங்கள் சி3 குதிரை, பலகையின் 5-ஆம் கிடைவரிசை.

1974-இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் தொடர்) இறுதிப் போட்டியின் 2-ஆவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தால் இது புரியும். கார்போவ் வெள்ளை, கோர்ச்னோய் கறுப்பு, 27 நகர்த்தல்.

14-ஆவது நகர்த்தலில் கார்போவ் எச்5 என்று சிப்பாயைக் கொடுக்கிறார், 15-இல் ஜி4 தள்ளி, அதை வெட்டிய எச்5 குதிரையை விரட்டுகிறார். வரிசை திறந்தாயிற்று. ஆனால் கறுப்பின் யானை சி4-இல் நின்று சி3 குதிரையை முறைக்கிறது. யானையைக் கொடுத்து அதை வெட்டினால் வெள்ளை ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாய்கள் சிதைந்துவிடும். அதனால் 16-இல் டி4 குதிரை ஈ2-க்குப் பின்வாங்குகிறது. பார்க்கச் சோம்பேறித்தனமாக இருக்கும். ஆட்டத்தின் உயிரே அதுதான். பிஷப்புகளை மாற்றிக்கொண்டு ராணி எச்6-க்கு வந்த பிறகுகூட, 19-இல் யானையை டி3-இல் வைத்து சி3-க்கு இன்னொரு காவல் போடுகிறார். ஈ2 குதிரைக்கு விடுதலை.

பிறகு 20. ஜி5! சி4-இலிருந்து சி5-க்கு வந்திருந்த கறுப்பு யானை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. 21-இல் யானை டி5, யானைகள் மாறி வெள்ளைக் குதிரை டி5-இல் உட்காருகிறது. அதை எஃப்6 குதிரையால் வெட்டினால் எச்7, எச்8 என்று இரண்டே நகர்த்தலில் மேட். 23-இல் மற்றக் குதிரை எஃப்4-க்கு வர, கறுப்பு பிஷப்பை சி6-இல் வைக்கிறது.

இங்கே அவசரப்பட்டு எஃப்6-இல் வெட்டி, அடுத்த குதிரையை எச்5-க்கு அனுப்பினால் கறுப்பு ராணி ஏ5-இலிருந்து 5-ஆம் வரிசை வழியே ஜி5-க்கு வந்து செக் வைக்கும். ராணிகள் மாறும், தாக்குதல் செத்தது. ஆகவே 24. ஈ5! கதவு மூடியாயிற்று. டி6 சிப்பாய் அதை வெட்டினாலும் அதே இடத்தில் நின்று தன் ராணியையே மறிக்கும். இப்போது எஃப்6 வெட்டு, குதிரை எச்5 இரண்டும் பலிக்கும். கோர்ச்னோய் பிஷப்பால் டி5 குதிரையை வெட்டிப் பார்த்தார். 27-இல் ராணி எச்8 செக், கறுப்பு விலகியது.

கறுப்பு ஆடுபவர்கள் 16-இல் ராணியை ஏ5-க்கு அனுப்பாமல் எஃப்8 யானையை ஈ8-க்கு நகர்த்தலாம். எச்6-இல் பிஷப் வந்தால் ஜி7 பிஷப் எச்8-இல் ஒதுங்கி உயிர் தப்பும். அந்த பிஷப் போன டிராகனில் ராஜாவுக்கு நிழலே கிடையாது.