எண்டோமெட்ரியோசிஸ்: முதலில் வலிக்கு வைத்தியமா, குழந்தைக்கு வைத்தியமா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகக் குழந்தைக்கு முயல்கிறோம். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் எழுந்து நிற்க முடியாத வலி. தாம்பத்தியத்திலும் உள்ளே வலிக்கிறது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 3.8 செ.மீ. சாக்லேட் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு டாக்டர் டையனோஜெஸ்ட் மாத்திரை ஆறு மாதம் கொடுத்தார். வலி போனது; நிறுத்தியதும் திரும்பிவிட்டது. இன்னொரு டாக்டர், ஆபரேஷன் செய்தால்தான் கரு தங்கும் என்கிறார். மூன்றாவது இடத்தில் நேராக ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார்கள். சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையில் 1.9. யார் சொல்வதைக் கேட்பது? அதுவரை இந்த வலியை எப்படித் தாங்குவது?

பதில்: முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். ஒன்றரை வருட முயற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆறு மாதம் டையனோஜெஸ்ட் சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மாத்திரையைத் தினமும் சாப்பிடும்போது பெரும்பாலான பெண்களுக்குச் சினைமுட்டை வெளியே வராது. ஆக, நீங்கள் உண்மையில் முயன்றது ஒரு வருடம்தான். மாத்திரையை எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நிறையப் பேரிடம் சொல்வதில்லை. அவர்களும் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, மாதா மாதம் கர்ப்பப் பரிசோதனை அட்டையையும் வாங்கிப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள்.

இந்த நோயில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, கருக்குழாய், குடலின் மேற்பரப்பு என்று வெளியிடங்களில் ஒட்டி வளர்ந்து, ஹார்மோனுக்கு ஏற்ப வீங்கிக் கசிவதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில் அப்படிக் கசிந்த பழைய ரத்தம் தேங்குவதுதான் சாக்லேட் கட்டி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அடக்கினால் வலி அடங்கும். அதை அடக்கினால் முட்டையும் வளராது. டையனோஜெஸ்ட், கருத்தடை மாத்திரை, மாதம் ஒருமுறை போடும் லூப்ரோலைடு ஊசி எல்லாமே இந்த வகைதான். சில மாதம் இவற்றை எடுத்து நோயை ஆறவிட்டு, பிறகு முயன்றால் சீக்கிரம் தங்கும் என்ற எண்ணம் டாக்டர்களிடமும் நெடுநாள் இருந்தது. அப்படித் தங்குவதற்கு ஆதாரம் இல்லை. கருத்தரிப்பு வாய்ப்பைக் கூட்டுவதற்காக இந்த மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எனவே, இப்போது உங்கள் தேவை வலி நிவாரணமா, குழந்தையா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும் என்றால், வலிக்கு ஹார்மோன் இல்லாத வழிகளைத்தான் தேட வேண்டும். அந்த வழிகளைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கணவருக்கு என்ன பரிசோதனை செய்தார்கள்? மூன்று டாக்டர், ஸ்கேன், ஏ.எம்.எச். என்று எல்லாம் உங்கள் உடம்பைச் சுற்றியே ஓடியிருக்கிறது. என் அறைக்கு வரும் தம்பதிகளில் இது சகஜம். ஜவுளிக்கடைப் பை நிறைய மனைவியின் ரிப்போர்ட் இருக்கும்; அதில் கணவர் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. கேட்டால், 'பிரச்சினைதான் அவளுக்கு இருக்குன்னு தெரிஞ்சு போச்சே' என்பார். விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாய் சமாச்சாரம். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணு, முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் உள்ள கீழ்வரம்பு. அதற்குக் கீழே இருந்தால் உங்கள் சிகிச்சைப் பாதையே மாறிவிடும். இது தெரியாமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது அபத்தம்.

இரண்டாவது, கருக்குழாய் பரிசோதனை. மாதவிடாய் நின்றபின், சுமார் 7 முதல் 10-ஆம் நாளுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சில நிமிட வேலை, ஆனால் உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு குழாயும் திறந்திருக்கின்றனவா, ஏதாவது ஒன்று நீர் கோத்து வீங்கியிருக்கிறதா என்பது இதில் தெரியும். கூடவே தைராய்டு. மூன்றும் ஒரே மாதத்தில் முடிகிற காரியம். சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை யாராவது எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க அது நம்பகமானது இல்லை.

ஏ.எம்.எச். 1.9-ஐப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். 31 வயதுக்கு அது மிகுதியும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஊசி போட்டு முட்டை எடுத்தால் எத்தனை கிடைக்கலாம் என்று ஊகிக்கத்தான் அந்த எண் உதவும். இந்த மாதம் இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லாது. ஆனால் ஆபரேஷனா இல்லையா என்று முடிவெடுக்கும்போது அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

சரி, ஆபரேஷன். 'செய்தால்தான் தங்கும்' என்று அடித்துச் சொன்னவரிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1997-ல் கனடாவில் 341 பெண்களை வைத்து நடத்திய ஒரு ஆய்வில், லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்து எண்டோமெட்ரியோசிஸ் புள்ளிகளை அகற்றியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு 36 வாரத்துக்குள் கரு தங்கியது. உள்ளே பார்த்துவிட்டு எதையும் தொடாமல் விட்டவர்களில் 18 சதவீதம் பேருக்குத் தங்கியது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அந்தப் பெண்கள் அனைவருக்கும் இருந்தது இந்த நோயின் நான்கு நிலைகளில் முதல் இரண்டில் உள்ள லேசான நோய். 3.8 செ.மீ. சாக்லேட் கட்டி இருந்தாலே மூன்றாம் நிலைக் கணக்கில் வந்துவிடும். அந்த எண்ணை உங்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

சாக்லேட் கட்டியின் சுவர் சினைப்பைத் திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகாயின் காம்பைக் கிள்ளும்போது கொஞ்சம் சதையும் சேர்ந்து வருகிற மாதிரி, கட்டியின் தோலை உரிக்கும்போது அதோடு நல்ல முட்டைகள் இருக்கிற திசுவும் கொஞ்சம் போகும். கைதேர்ந்தவர் செய்தாலும் ஏ.எம்.எச். குறைவதைப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் கட்டி இருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் ஆன சினைப்பை என்றாலோ இழப்பு இன்னும் அதிகம். வெறுமனே ஊசி குத்தி நீரை உறிஞ்சி விட்டால் பல பேருக்கு மறுபடி நிரம்பிவிடுகிறது.

அதற்காக ஆபரேஷனே கூடாது என்று சொல்லவில்லை. மாத்திரைக்கு அடங்காத வலி, வேகமாக வளர்கிற கட்டி, ஸ்கேனில் சந்தேகத்துக்கிடமான தோற்றம், நீர் கோத்த கருக்குழாய், முட்டை எடுக்க ஊசி போக வழியில்லாத இடத்தில் கட்டி என்று இருந்தால் செய்ய வேண்டியதுதான். அப்போதும் மூன்று கேள்வி கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷன் அடிக்கடி செய்பவர்தானா? என் ஏ.எம்.எச். எவ்வளவு குறையலாம்? முன்னதாக முட்டையையோ கருவையோ உறைநிலையில் சேமித்துக்கொள்ள வேண்டுமா? ஆபரேஷன் முடிந்து 'ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு அப்புறம் முயலுங்கள்' என்றால் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பின்வரும் மாதங்கள்தான் உங்களுக்கு நல்ல காலம். அதை மாத்திரையில் கழிக்கக்கூடாது. உங்கள் வயது, முயன்ற காலம், ஆபரேஷனில் குழாயும் சினைப்பையும் இருந்த நிலை ஆகியவற்றைக் கூட்டி 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் ஒரு கணக்கு உண்டு. இ.எஃப்.ஐ. என்பார்கள். மதிப்பெண் நல்லபடியாக இருந்தால் சில மாதம் இயற்கையாக முயலலாம். குறைவாக இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஐ.வி.எஃப். பற்றி. கணவரின் அணு சரியில்லை, இரண்டு குழாயும் அடைப்பு என்றால் நேராக அங்கே போவதுதான் நியாயம். அப்போது இந்த அளவுக் கட்டியை முன்கூட்டி எடுக்கத் தேவையில்லை. எடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதாகக் காட்டப்படவில்லை. குழாய் திறந்திருக்கிறது, அணுவும் நன்றாக இருக்கிறது என்றால், உங்கள் வயதுக்கு முட்டை வளர்ச்சி மாத்திரையோடு ஐ.யு.ஐ. (விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்துவது) மூன்று, நான்கு சுற்று முயன்று பார்ப்பது தவறில்லை. அதற்கு மேல் இழுக்காதீர்கள். சினைப்பையில் கட்டி இருக்கும்போது வருடக்கணக்கில் ஐ.யு.ஐ. செய்துகொண்டிருப்பது பணத்துக்கும் மனதுக்கும் கேடு. எந்த மையமாக இருந்தாலும், 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டால் காட்ட வேண்டும். முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

இனி வலி. ஹார்மோன் இல்லாமல் சமாளிப்பதில் பெரிய விஷயம் நேரம்தான். பல பெண்கள் 'இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று வலி உச்சிக்குப் போனபிறகு மாத்திரை போடுகிறார்கள். அப்போது அது வேலை செய்யாது. அடிவயிறு கனக்க ஆரம்பித்து, ரத்தப்போக்கு தொடங்கியதும், வயிற்றில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையைப் போடுங்கள். டாக்டர் எழுதிய இடைவெளியில் முதல் இரண்டு நாளும் தொடருங்கள். மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் வகைகளை ரத்தப்போக்கு நாட்களில் எடுப்பதால் கருத்தரிப்புக்குத் தொந்தரவு இல்லை. முட்டை வெளிவரும் நாட்களில்தான் அவற்றைத் தவிர்க்க வேண்டும். முட்டைப் பை வெடிப்பதை அவை தடுக்கக்கூடும். நாள் தள்ளிப்போனாலும் தொடாதீர்கள். அந்த நாட்களில் வலித்தால் பாராசிட்டமால் 650 போதும், ஆறு மணி நேர இடைவெளியில். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெஃபனமிக் ஆசிட் எடுக்கும்போது காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையம் இதற்கு எச்சரிக்கையே விடுத்தது.

சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள், முதுகிலும் வைக்கலாம். டென்ஸ் என்ற சின்ன மின்தூண்டல் கருவியும் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். முக்கி முக்கிப் போவதே வலியைக் கிளப்பிவிடும். வருடக்கணக்கில் வலியைத் தாங்கியவர்களுக்கு இடுப்புக்குழித் தசைகள் இறுகிப் போயிருக்கும். அதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். கோவையில் விசாரித்துப் பாருங்கள். மஞ்சள், எள், விளக்கெண்ணெய்ப் பற்று என்று வாட்ஸ்அப்பில் வருவதில் சமையலுக்குரியதைச் சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'கட்டி கரையும்' என்று விற்கும் சூரணம், பற்பம் எதுவும் வேண்டாம். சாக்லேட் கட்டியை அவை கரைப்பதில்லை. சிலவற்றில் உலோகம் சேர்ந்திருக்கும். கரு தங்கும் மாதத்தில் அது ஆபத்து.

தாம்பத்திய வலியை எழுத்தில் சொன்னதே பெரிது. பலரும் இதை மறைத்துவிட்டு, 'முயற்சி செய்கிறோம்' என்று மட்டும் சொல்வார்கள். மாதத்தில் ஒருமுறை, இரண்டு முறைதான் நடந்திருக்கும். தினமும் தேவையில்லை. முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்தாறு நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் வாங்கினால் நாள் தெரிந்துவிடும். ஆழமாகப் போகும்போதுதான் வலி என்றால், ஆழம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்படி பக்கவாட்டில் படுத்தோ, நீங்கள் மேலிருந்தோ முயலுங்கள். ஜெல் தேவைப்பட்டால் விந்தணுவைப் பாதிக்காதது என்று அட்டையில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் முடியவில்லை என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு படுக்க வேண்டாம். ஐ.யு.ஐ.க்கு அதுவே போதுமான காரணம். டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

'ஒரு புள்ளை பெத்தா எல்லாம் சரியாயிடும்' என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நிற்பதால் பலருக்கு வலி இருக்காது. அதைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறார்கள். மாதவிடாய் திரும்பியதும் நோயும் திரும்புவது சாதாரணம். வலிக்கு மருந்தாகக் குழந்தை பெற வேண்டியதில்லை. உங்களுக்குக் குழந்தை வேண்டும் என்பதற்காகப் பெறுங்கள். கல்யாண வீட்டில் 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று கேட்பவர்களுக்கு உங்கள் ஸ்கேன் விவரம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பதிலைக் கணவர் சொல்லட்டும்.

இன்றிலிருந்தே ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் ஆரம்பியுங்கள். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தியோ காய்ச்சலோ வந்தால் கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாள் தள்ளி, அட்டையில் இரண்டு கோடு வந்தால், ஆறாவது ஏழாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குக் கரு குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அந்த ஸ்கேனுக்கு முன்பே ஒரு பக்க வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.