படலையில் ஒட்டிய தாள்

வணக்கம் அக்கா,

வடமராட்சியில் ஒன்பதாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். கொரோனாக் காலத்தைப் பற்றிக் கேட்டால், "நீண்ட லீவு ரீச்சர்" என்கிறார்கள் பிள்ளைகள். அப்போது நான்காம் ஆண்டில் இருந்தவர்கள். உலகம் முழுக்க இத்தனை லட்சம் பேர் இறந்தார்கள் என்று சொன்னேன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆட்களின் கதைகளாகச் சொல்லலாமா? பயந்துவிடுவார்களோ? கதைக்குள் விஞ்ஞானம் விடுபட்டுப் போகுமோ?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

கட்டாயம் சொல்லுங்கள். என்னுடைய கதையிலிருந்தே தொடங்கலாம்.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வருடக் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையில், 14 நாள் தனிமைப்படுத்தல் என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு அன்ரி, என் மகள் பிறந்தபோது எனக்குப் பத்தியக்கறி சமைத்துத் தந்தவர். நான் அந்தப் படலையைக் கண்டதும் ஒழுங்கையின் மற்றக் கரையால் நடந்தேன். விலகி நடந்தது சரிதான். ஆனால் போன் நம்பர் கையில் இருந்தும், "சாமான் ஏதும் வேணுமோ?" என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. தாளைக் கிழித்த பிறகும் அன்ரி கோயிலுக்கு வர ஒரு மாதம் எடுத்தது. அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இதை மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "அன்ரிக்குக் காய்ச்சல் இருந்ததோ?" இல்லை. "அப்ப ஏன் 14 நாள்?" விஞ்ஞானம் விடுபடும் என்று பயப்படுகிறீர்களே, அது இப்படித் தானாகவே வரும். கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் எடுக்கும், சிலருக்கு 14 நாள் வரைகூட. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றலாம். சிலருக்கு அறிகுறியே வராது. புத்தகத்தில் வாசித்தபோது அவள் மனதில் நிற்காதது, அன்ரியின் படலையோடு சேர்ந்து நின்றுவிட்டது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அம்மாள் வருத்தத்தை, அதாவது அம்மை நோயைப் பற்றியும் பிள்ளைகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள். என் அம்மம்மா சொல்லுவார்: அம்மாள் வந்த வீட்டில் வேப்பிலை செருகியிருக்கும், கண்டவர்கள் உள்ளே போகமாட்டார்கள், இளநீரைப் படலையடியில் வைத்துவிட்டுத் திரும்புவார்கள். விலகல் அப்போதும் இருந்தது, அந்த வீட்டுக்காரருக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. ஆனால் வேப்பிலைதான் பெரியம்மையை ஒழித்தது என்று ஒரு பிள்ளையும் விளங்கிக்கொள்ளக் கூடாது. ஒழித்தது தடுப்பூசி. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது.

பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வகுப்பில் யாராவது அந்த நோயில் ஆளை இழந்திருக்கக்கூடும். முதலே தனியாகக் கேட்டுவிடுங்கள். பேச விரும்பாத பிள்ளையைப் பேசவைக்க வேண்டாம். ஆனால் சாவை மறைக்கவும் வேண்டாம், பதினாலு வயதுப் பிள்ளைகள் தாங்குவார்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்கே இலங்கையில் 2021 பெப்ரவரி இறுதி வரை அவர்களுடைய உடல்களையும் எரித்தார்கள். ஒரு தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் பிள்ளைகள் ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, யாருடைய கதையென்றாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். நானும் இதை எழுத முன் அன்ரியிடம் போனேன். எழுது, பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அந்த 14 நாளில் எது பெரிய கஷ்டம் என்று அப்போதுதான் முதல்தடவையாகக் கேட்டேன். சாப்பாடு என்று சொல்வார் என நினைத்தேன்.

"மாட்டுக்குப் புல்லு, பிள்ளை" என்றார். "அது கத்தினது உங்கட வீட்டுக்குக் கேட்டிருக்குமே."

கேட்டது ரீச்சர். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.