மினி மோக் என்ற கார் மொத்தம் எத்தனை தயாரானது? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, எதை நம்புவது?

சுருக்கமாக: சுமார் 50,000. இங்கிலாந்தில் 1964 முதல் 1968 வரை 14,518. ஆஸ்திரேலியாவில் 1966 முதல் 1981 வரை ஏறக்குறைய 26,000. போர்ச்சுகலில் 1980 முதல் 1993 வரை ஏறக்குறைய 10,000. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நகர்ந்துவிடலாம்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் யாரோ உங்கள் தலையில் ஒரு மோக்கைக் கட்டப் பார்க்கிறார், "உலகத்திலேயே இத்தனைதான் இருக்கு" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கேள்வி வேறு காரணத்துக்காக என் காதில் விழுந்ததே இல்லை.

நான் சிட்னியில் இருக்கிறேன். என்னிடம் எழுபதுகளின் ஆஸ்திரேலிய மோக் ஒன்று இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: மினி காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் எடுத்து, கூரையும் கதவும் இல்லாத தகர உடம்பில் பொருத்தியது. மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் யோசனைதான். ராணுவம் பாராசூட்டில் இறக்கிக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தார்கள். 10 அங்குலச் சக்கரத்தில் அடிப்பாகம் தரையைத் தட்டியதால் ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. அப்புறம் பண்ணைக்காரர்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் விற்றார்கள். என் மச்சான் முதல்முறை பார்த்ததும் கேட்டது, "கதவே இல்லாத வண்டிக்கு இவ்வளவு காசா?" அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

ஒரு பழைய கார் கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். எனக்கு இரண்டு வண்டி தள்ளி இன்னொரு மோக். அதுவும் ஆஸ்திரேலிய வண்டிதான், 13 அங்குலச் சக்கரத்தைப் பார்த்தாலே தெரியும். அதன் முன்னால் லேமினேட் செய்த பலகை: "உலகில் தயாரானது 5,422 மட்டுமே." பக்கத்தில் விலை வேறு. நான் மெதுவாகத்தான் சொன்னேன், இந்த எண் உங்கள் வண்டிக்குப் பொருந்தாதே என்று. அவர் போனை எடுத்து நீட்டினார். இணையத்தில் இருக்கிறதாம். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள், என்னைப் பொறாமைக்காரனைப் போலப் பார்த்தார்கள்.

அந்த எரிச்சலில்தான் தோண்ட ஆரம்பித்தேன்.

5,422 எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் ஒரே வண்டியை ஆஸ்டின், மாரிஸ் என்று இரண்டு பெயர்களில் விற்றார்கள். ஆஸ்டின் 5,422, மாரிஸ் 9,096. கூட்டினால் 14,518. யாரோ "ஆஸ்டின் மினி மோக்" என்ற வரியை மட்டும் எடுத்து மொத்தக் கணக்காக்கிவிட்டார். எண் சரி, அதன் தலைப்புதான் தவறு. இணையத்தில் சுற்றும் பாதி எண்கள் இந்த ரகம்தான்.

இன்னொரு ரகம் கூட்டல்காரர்கள். 14,518, 26,000, 10,000 மூன்றையும் கூட்டி "50,518 வண்டிகள்" என்று கடைசி இலக்கம் வரை எழுதுவார்கள். இரண்டு எண்கள் உத்தேசம் என்றால் கூட்டுத்தொகையும் உத்தேசம்தான். ஆயிரக்கணக்கில் ஆடக்கூடிய தொகைக்கு வாலில் 18 எதற்கு? "சுமார் 50,000" என்று சொல்பவரை நம்பலாம், அவருக்குத் தன் எண்ணின் அளவு தெரிகிறது.

சரி, ஆலைக் கணக்கே ஏன் குழம்புகிறது? கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் பத்திரிகையை எண்ணுவதா, மொய் நோட்டை எண்ணுவதா, விழுந்த இலையை எண்ணுவதா? அதே கதைதான். ஆலையில் கட்டி முடித்தது ஒரு எண், டீலருக்கு அனுப்பியது ஒரு எண், பதிவானது ஒரு எண். இங்கிலாந்துப் பதிவை மட்டும் பார்த்தால் மோக் ஏதோ அபூர்வப் பொருள்போலத் தெரியும், ஏனென்றால் அங்கே கட்டியதில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்றுமதிக்கே போனது. அப்புறம் கிட். உதிரியாகப் பெட்டியில் அடைத்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டுவார்கள். அனுப்பியவரும் எண்ணுவார், பூட்டியவரும் எண்ணுவார். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஒருவர் அந்த ஆண்டுப்படியும் இன்னொருவர் ஜனவரி டிசம்பர்ப்படியும் எழுதினால் இரண்டு பட்டியலும் ஒருநாளும் பொருந்தாது.

இதோடு சிட்னியில் ஆலையே இடம் மாறியது. ஜெட்லண்ட் ஆலையை 1975-இல் மூடினார்கள். மோக் தயாரிப்பு சிட்னியிலேயே உள்ள என்ஃபீல்டு ஆலைக்குப் போய் 1981 வரை ஓடியது. ஜெட்லண்ட் மூடியதோடு மோக்கின் கதையும் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் கடைசி ஆறு வருடங்களைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இதைச் சொன்னால் "நீ என்ன, வரலாற்று ஆசிரியரா?" என்று ஒரு கூட்டம் வரும். இல்லை, நான் கணக்கு மென்பொருள் துறையில் இருப்பவன். மினி நிபுணர்கள் யாராவது இதைப் படித்தால், என் எண்களை மறுக்கும் முன் உங்கள் எண் எதை எண்ணியது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதற்குப் பிறகு சண்டை போடலாம்.

உண்மையில் கோபம் மோக்கைப் பற்றியதுகூட இல்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு எண் வரும். இந்தக் கோயிலுக்கு இத்தனை ஆயிரம் வருடம், அந்தக் கீரையில் இத்தனை மடங்கு சத்து, நாசாவே ஒப்புக்கொண்டது. "பெரியப்பா, இது எங்கே வந்தது?" என்று ஒரே ஒருமுறை கேட்டேன். வெளிநாடு போனதும் கொம்பு முளைத்துவிட்டது என்று ஆரம்பித்து, அம்மா போன் செய்து என்னையே மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வரை போனது. கேட்டேன். ஃபார்வர்ட் இன்றும் வருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவர் சொல்லும் வண்டி இங்கிலாந்தில் கட்டியது என்றால், இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், வண்டி எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். இரண்டு சேசிஸ் எண்களைக் கழித்து "இடையில் இத்தனை வண்டி" என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள், எண் வரிசைகள் தாவும்.

எழுபதுகளின் ஆஸ்திரேலிய வண்டி என்றால் இன்ஜின் அறையில் ரிவெட் அடித்த கம்ப்ளையன்ஸ் தகடு (அரசின் வாகன விதிகளுக்கு வண்டி பொருந்துகிறது என்று காட்டும் தகடு) இருக்கும். என்னுடையதில் மூன்று கோட் பச்சைப் பெயின்ட் ஏறியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த பிறகுதான் மாதமும் வருடமும் மேலெழுந்தன. அந்தத் தேதி தகடு அடித்த தேதி, உடம்பு கட்டிய தேதி கொஞ்சம் முன்னால் இருக்கலாம். ரிவெட்டையும் பாருங்கள், புதிதாகப் பளபளத்தால் தகடு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.

வண்டியின் இரு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டிகளின் அடியில் கைவிட்டுத் துருவைத் தடவிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த வண்டியின் விலையைத் தீர்மானிப்பது அதுதான், எத்தனை கட்டினார்கள் என்பது அதற்கு ரொம்பப் பின்னால் வரும்.