கொடை மெயிலில் ‘சரி அண்ணாச்சி’ என்றால் எதற்குச் சரி?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கோயில் கொடைத் திருவிழா பற்றி வெளியூரில் இருப்பவர்களையும் சேர்த்து மெயிலில்தான் பேசுகிறோம். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே பழைய மெயில் எல்லாம் வாலாகத் தொங்குகிறது. யார் எதற்குச் சம்மதித்தார் என்றே பிடிபடவில்லை. பெரியவர்கள் எழுதியதை வெட்டினால் மரியாதைக் குறைவா?

பதில்: தாராளமாக வெட்டலாம். அவர் எழுதிய அத்தனை வரியையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, பதில் எங்கே என்று அவரையே தேட விடுவதுதான் மரியாதைக் குறைவு.

ஒரே மெயிலில் மூன்று விஷயம் கேட்டிருப்பார். நீங்கள் மேலே ‘சரி அண்ணாச்சி’ என்று போட்டால், படிக்கிற ஒவ்வொருவரும் அதைத் தனக்குத் தோதாக எடுத்துக்கொள்வார். இப்படி எழுதுங்கள்:

> வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி.

> தலைக்கட்டு வரியைக் கூட்டணுமா?

இப்போது வேண்டாம். போன கொடையில் மிச்சம் எவ்வளவு என்று முதலில் தெரியட்டும்.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் என்றால், ரிப்ளை பெட்டியில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் பழைய மெயில் விரியும். வேண்டாததை அழித்துவிட்டு, கேள்விக்குக் கீழேயே பதிலைத் தட்டலாம். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இன்னும் சுலபம்: வேண்டிய வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ரிப்ளை கொடுத்தால் அது மட்டும் வரும். ஒரே கேள்வி, ஒரு வரிப் பதில் என்றால் மேலேயே எழுதிவிட்டுப் போங்கள், அதில் தப்பில்லை.

வெட்டும்போது ஒன்றில் கவனம் வேண்டும். ‘வசூல் ஒழுங்காக வந்தால் பந்தலைப் பெரிதாகப் போடலாம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பாதியை வெட்டி, ‘பந்தலைப் பெரிதாகப் போடலாம்’ என்பதை மட்டும் காட்டினால், நாளைக்குப் பந்தல்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வார்த்தையை மாற்றக் கூடாது. சொன்னவர் பெயரும் மேலே நிற்கட்டும்.

உங்களுக்கு மட்டும் வந்த மெயிலை எல்லோருக்கும் அனுப்புவதானால், எழுதியவரிடம் முதலில் கேளுங்கள். 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பிலேயே இது இருக்கிறது. யாருக்கு வரி பாக்கி, ஏன் கட்டவில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் வெட்டாமல் விட்ட அந்த அடிப்பகுதியில்தான் கிடக்கும். நடுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கும் அது போய்விடும். என்னைக் கேட்டால், வெட்டச் சொல்வதற்கு இடம் மிச்சமாவதைவிட இதுதான் பெரிய காரணம்.

அப்புறம், கொடைப் பேச்சுக்கு நடுவே குளத்துக்கரை விஷயம் வந்தால் சப்ஜெக்டை மாற்றிவிடுங்கள். ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். ரசீதை இணைத்து வந்த மெயிலுக்கு ரிப்ளை கொடுத்தால் ரசீது கூடவே போகாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அது வேண்டுமென்றால் ஃபார்வேர்டுதான் செய்ய வேண்டும்.