தெருப்பூனைகளுக்கு ஒட்டுண்ணிப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் பராமரிக்கும் ஐந்து தெருப்பூனைகளும் ஒரே மணல் குவியலில்தான் மலம் கழிக்கின்றன. எது யாருடையது என்று தெரியாத மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். ‘இந்தப் பூனைக்குப் புழு இருக்கிறதா’ என்பதற்கு அந்த மாதிரியில் விடை இல்லை. ‘இந்தக் கூட்டத்தில் என்னென்ன ஒட்டுண்ணிகள் சுற்றுகின்றன’ என்பதற்கு விடை உண்டு. ஒரு குறிப்பிட்ட பூனையின் மாதிரிதான் வேண்டுமென்றால், கருத்தடைக்காக அதைப் பிடித்துக் கூண்டில் வைத்திருக்கும் இரவைவிட நல்ல வாய்ப்பு அமையாது. கூண்டின் அடியில் காகிதம் விரித்து வைத்தால் காலையில் மண் படாத, உரிமையாளர் யாரென்று ஐயமில்லாத மாதிரி கிடைத்துவிடும். மண்ணில் கிடந்த மலத்தில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. மண்ணிலேயே சுதந்திரமாக வாழும் நுண்புழுக்கள் அதனுள் புகுந்து பார்ப்பவரைக் குழப்பும். மேலும், வெயில் நாளில் கொக்கிப்புழு முட்டைகள் ஓரிரு நாளிலேயே பொரிந்து, தேடுகிற முட்டையே இல்லாமல் போகும்.

கேள்வி: எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படி வைத்திருக்க வேண்டும்?

பதில்: கட்டைவிரல் நுனியளவு, அதாவது 3 முதல் 5 கிராம் வரை போதும். காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் சேர்ப்பியுங்கள், உறைய விடாதீர்கள். ட்ரைக்கோமோனாஸ் என்ற ஓரணு உயிரியைத் தேடுவதானால் மட்டும் குளிரூட்டவே கூடாது, அது குளிரில் இறந்துவிடும்.

கேள்வி: ‘மிதப்புப் பரிசோதனை’ என்று சீட்டில் எழுதியிருந்தது. அதில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

பதில்: முட்டையை மலத்திலிருந்து பிரித்தெடுக்கும் எளிய தந்திரம் அது. மலத்தைத் தண்ணீரைவிட அடர்த்தியான ஒரு கரைசலில் கலக்கி வடிகட்டினால், கரைசலைவிட எடை குறைந்த முட்டைகள் மேலே மிதந்து வரும், கசடு அடியில் தங்கும். தெவிட்டிய உப்புக் கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 எனக் கொண்டு ஒப்பிடும் அடர்த்தி) ஏறத்தாழ 1.20, துத்தநாக சல்பேட்டுக்கு 1.18; சர்க்கரைப் பாகுக்கு 1.27. கலவையை மையவிலக்கியில் சுழற்றி, குழாயின் வாயில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டைப் பத்து நிமிடம் படியவிட்டு, பிறகு அதை நுண்ணோக்கியில் வைப்பார்கள். பூனையின் உருளைப்புழு முட்டை தெரியும்போது தவறவே முடியாது: கருமையான உள்ளீடு, அதைச் சுற்றித் தடித்த ஓடு, அந்த ஓட்டின் மேற்பரப்பு முழுவதும் தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானைப் போலச் சின்னஞ்சிறு குழிகள். கொக்கிப்புழு முட்டையோ மெல்லிய ஓட்டுக்குள் சில உயிரணுக்கள் திராட்சைக் கொத்தாகக் கூடியிருப்பது போலத் தெரியும். மையவிலக்கி இல்லாமல் வெறுமனே நிற்கவிட்டுப் பார்க்கும் முறை இன்னும் பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. அதில் தப்பிவிடும் முட்டைகள் அதிகம் என்பதால், எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்டறிவதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: ‘முட்டைகள் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. ஆனால் அதே வாரத்தில் பூனையின் வாலடியில் வெள்ளையாக நெளியும் துணுக்குகளைப் பார்த்தேன். ஆய்வகம் தவறு செய்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்த்தவை நாடாப்புழுவின் கணுக்கள். வெள்ளரி விதை போல இருக்கும், காய்ந்தால் மஞ்சளித்துச் சுருங்கும். தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் நாடாப்புழுவின் முட்டைகள் கணுவுக்குள்ளேயே பொதிந்து வெளியேறுவதால் மிதப்புப் பரிசோதனையில் அகப்படுவது அரிது. அந்தப் புழுவுக்கு உங்கள் கண்தான் சிறந்த கருவி. துணுக்கு ஒன்றைச் சிறிது நீரில் இட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டைகள் காணப்படாததற்கு இதைவிடப் பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து புழு வளர்ந்து முட்டையிடத் தொடங்கும் வரை மலத்தில் எதுவும் தெரியாது. கொக்கிப்புழுவுக்கு இந்த இடைவெளி மூன்று முதல் நான்கு வாரம், உருளைப்புழு முட்டையை விழுங்கிய பூனைக்கு ஏறக்குறைய எட்டு வாரம். ஜியார்டியா போன்ற ஓரணுக் குடல் ஒட்டுண்ணிகள் ஒருநாள் வெளிப்பட்டு மறுநாள் மறைந்திருக்கும் என்பதால், வயிற்றுப்போக்கு நீடிக்கும் பூனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று மாதிரிகள் எடுப்பதும், கூடவே எலிசா என்ற ஆய்வக முறையில் ஜியார்டியாவின் புரதத்தை மலத்தில் தேடுவதும் நல்லது. ‘காணப்படவில்லை’ என்ற சொல்லை ‘இல்லை’ என்று படிப்பதுதான் நான் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் பிழை.

கேள்வி: நான் கருவுற்றிருக்கிறேன். வாசலுக்கு வரும் பூனைக்கு, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான பரிசோதனை செய்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பூனையைவிட முதலில் உங்கள் இரத்தத்தைப் பரிசோதிப்பதே பயனுள்ளது. இந்த ஒட்டுண்ணி 1908-இல் கண்டறியப்பட்டது. பூனையின் குடலில்தான் அது தன் பாலினப் பெருக்கத்தை முடிக்கிறது என்பது 1970 வாக்கில்தான் தெளிவானது. பூனை பொதுவாக முதல் தொற்றை அடுத்து ஒன்று முதல் மூன்று வாரம் வரை மட்டுமே இதன் முட்டையுறைகளை வெளியேற்றும். ஆகவே நீங்கள் கொடுக்கும் மாதிரி அந்தக் குறுகிய நாட்களுக்குள் விழுந்தாலன்றி மலத்தில் எதுவும் தெரியாது. தெரிந்தாலும், 10 முதல் 12 மைக்ரோமீட்டர் அளவுள்ள அந்த உறைகளை ஹாமோண்டியா என்ற இன்னொரு உயிரியின் உறைகளிலிருந்து நுண்ணோக்கியால் பிரித்தறிய இயலாது, பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனை தேவைப்படும். பூனையின் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் ஒருவகைப் புரதம்) இருப்பது கெட்ட செய்தி என்று பலர் பதறுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் பழைய தொற்றையே குறிக்கிறது. அத்தகைய பூனை வெளியேற்றும் கட்டத்தைக் கடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எதிர்ப்பொருள் இல்லாத இளம் பூனைதான் இனிமேல் தொற்றுப் பெற்று வெளியேற்றக்கூடியது. புதிதாக வந்த உறைகள் தொற்றும் தன்மை பெற ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும் என்பதால், மலத்தை நாள்தோறும் வேறொருவர் அகற்றுவதும், தோட்ட வேலையில் கையுறை அணிவதும், இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் எந்தப் பரிசோதனைச் சீட்டையும்விட உங்களுக்குக் காப்பு.

கேள்வி: ஒரு பூனை வாரக்கணக்கில் இருமுகிறது. மலப் பரிசோதனையில் எதுவும் இல்லை.

பதில்: நுரையீரல் புழுவைத் தேடச் சொல்லுங்கள். அது மலத்தில் முட்டையாக அல்ல, உயிருள்ள இளம்புழுவாக வெளிவருகிறது. மெல்லிய துணியில் மலத்தை முடிந்து, புனலில் உள்ள வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு தொங்கவிட்டால், இளம்புழுக்கள் வெளியேறி அடியில் சேரும். பேர்மான் முறை என்பது இதுதான். இதற்கு மாதிரி மிகப் புதியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: பரிசோதனை எதற்கு? எல்லாவற்றுக்கும் புழு மருந்து கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: குட்டிகளைப் பொறுத்தவரை உங்கள் கட்சிதான் நானும். தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு வந்துவிடுவதால், மூன்று வார வயதிலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை, மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் கொடுப்பதே முறை. அறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வளர்ந்த பூனையிடம் இந்த வழி ஏமாற்றக்கூடும். பைரன்டெல் என்ற மருந்து நாடாப்புழுவைத் தொடாது, பிராசிகுவான்டெல் என்ற மருந்து உருளைப்புழுவைத் தொடாது, காக்சிடியா என்ற ஓரணுக் குடல் ஒட்டுண்ணியை இவை இரண்டுமே தொடா. மருந்து கொடுத்தும் மலம் இளகியே இருந்தால், அடுத்த மருந்தைத் தேடும் முன் அடுத்த மாதிரியைக் கொடுங்கள்.

கேள்வி: தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பூனையை வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறுத்திச் சீப்பால் வாருங்கள். விழும் கருந்துகள்களை ஈரப் பஞ்சால் ஒற்றும்போது செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். கசியாவிட்டால் வெறும் அழுக்கு. பூச்சியை ஒழிக்காமல் நாடாப்புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூன்று வாரத்தில் கணுக்கள் மீண்டும் தெரியலாம். நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். அதற்கு அது உயிர்கொல்லி நஞ்சு.