சூட்டில் ஸ்டார்ட் ஆகாத ஓட்டோ: எதையும் மாற்றும் முன் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இது: தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிப் போய் வண்டியை நிறுத்துகிறீர்கள். உடனே திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது. கால் மணித்தியாலம் கழித்து வந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. முக்கால் மணித்தியாலம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. காலைக் குளிரில் ஒரே தட்டு. பிளக் புதிது. கராஜில் சீடிஐ (பிளக்கில் ஸ்பார்க் வெட்டவைக்கும் மின் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கோளாறு எங்கே என்று உங்கள் கேள்வியே பாதி சொல்லிவிட்டது. மீதியையும் வண்டி சொல்லும், ஆனால் அந்தக் கால் மணித்தியாலத்தில் மட்டும்தான் சொல்லும். கராஜுக்குக் கொண்டுபோய் வரிசையில் விட்டு, மெக்கானிக் பாஸ் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். ஆறின இன்ஜினில் கோளாறே இருக்காது. அப்புறம் அவர் என்ன செய்வார், பாவம்? ஊகித்துத்தான் சொல்வார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன். நான் ஹட்டன் பக்கம் 12 வருடமாக ஓட்டோ ஓட்டுகிறேன். 4 ஸ்ட்ரோக் பெற்றோல் வண்டி, கை லீவரும் உண்டு, செல்ஃபும் உண்டு. ஒரு மழை நாளில் காய்ச்சலோடு இருந்த பிள்ளையையும் தாயையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருந்து எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அந்த அக்கா நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, நாங்க பஸ்ல போய்க்கிறோம்" என்று மழையில் இறங்கி நடந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஒன்றரை மாதத்தில் பிளக், அதற்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் கொயில், சீடிஐ எல்லாம் மாற்றினேன். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினார்கள். காசு போனதுதான் மிச்சம், கோளாறு போகவில்லை. கடைசியில் ஒரு வயதான பாஸ், "வண்டிய இங்க விட்டுட்டுப் போகாதீங்க தம்பி, என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். கினிகத்தேனை வரை இறங்கி, வட்டவளை வழியாகத் திரும்ப ஏறினோம். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார், அணைக்கச் சொன்னார். கை லீவரை இரண்டே விரலால் இழுத்தார். லீவர் வழவழவென்று மேலே வந்துவிட்டது. காலையில் அதே லீவரை இழுக்கும்போது நடுவில் ஒரு பிடிப்பு இருக்கும், கையைத் திருப்பித் தள்ளுகிற மாதிரி. அந்தப் பிடிப்பு இப்போது இல்லை. "கம்ப்ரஷன் ஓடுது பாருங்க" என்றார். இன்ஜினுக்குள் அமுங்க வேண்டிய காற்று கசிந்து போகிறது என்று அர்த்தம்.

அது டப்பட் கோளாறு, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளிக் கோளாறு. வால்வ் அதன் இருக்கையில் தேயத் தேய டப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். குளிரில் மிச்சமிருக்கும் மயிரிழை இடைவெளி போதும். சூட்டில் வால்வ் தண்டு நீண்டு அந்த மயிரிழையும் போனதும் வால்வ் முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். சில மாதங்களாக இன்ஜினில் டப்பட் சத்தம் குறைந்து வந்ததை நான் நல்ல அறிகுறி என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதுதான் எச்சரிக்கை. மறுநாள் காலை, இன்ஜின் முழுசாக ஆறியிருந்தபோது, பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்தார். அரை மணித்தியால வேலை.

ஆனால் உங்கள் கோளாறு இதுவல்ல என்று நினைக்கிறேன். என் வண்டி அணைத்த உடனேயே மறுக்கும். உங்களுடையது உடனே ஸ்டார்ட் ஆகிறது, கால் மணித்தியாலம் கழித்துத்தான் மறுக்கிறது. வால்வ் என்றாலும் கொயில் என்றாலும் பொதுவாக இன்ஜின் உச்ச சூட்டில் இருக்கும்போதே மறுப்பு வந்துவிடும். நிறுத்தியபின் வருகிற மறுப்பில் முதல் சந்தேகம் பெற்றோல் மேல்தான்.

ஓடும்போது ஃபேன் காற்றடிக்கிறது, புதுப் பெற்றோல் வந்துகொண்டிருக்கிறது, கார்பரேட்டர் ஆறி இருக்கும். அணைத்ததும் ஃபேன் நிற்கும். ஹெட்டில், அதாவது இன்ஜினின் தலைப் பகுதியில், இருக்கிற சூடு மெதுவாகக் கார்பரேட்டருக்கு ஏறும். அதன் கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் கொதித்து ஜெட் என்ற சின்னத் துவாரம் வழியாக உள்ளே வழியும். நீங்கள் வந்து செல்ஃப் அடிக்கும்போது காற்றைவிடப் பெற்றோல் அதிகம், பிளக் நனைந்துவிடுகிறது. அது ஆவியாகிப் போக அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். உங்கள் முக்கால் மணிக் கணக்கு இதோடு பொருந்துகிறது.

இதில் நம் மலைக்கும் பங்கு உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு வேக நேரம் எடுக்கிறது. பெற்றோலும் அப்படித்தான், கீழ்நாட்டை விடச் சீக்கிரம் கொதிக்கும். அதோடு காற்றும் மெல்லிசு. கீழே அவிசாவளையில் சரியாக ட்யூன் செய்த கார்பரேட்டர் நுவரெலியாவில் அதிகப் பெற்றோல்தான் கொடுக்கும். காலைக் குளிரில் அது உங்களுக்கு உதவி, ஏறி வந்த சூட்டில் அதுவே உபத்திரவம்.

அடுத்த தடவை நின்றால் இதைச் செய்யுங்கள். சோக் இழுபட்டிருக்காமல் முழுசாக உள்ளே போயிருப்பதை உறுதிசெய்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்தபடி ஏழெட்டுச் செக்கன் செல்ஃப் அடியுங்கள். பெற்றோல் அதிகமானதுதான் காரணம் என்றால் கறுப்புப் புகையோடு திக்கித் திக்கிப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள், துணியால் பிடித்து, கை சுடும். முனை ஈரமாகப் பெற்றோல் மணத்தால் நான் மேலே சொன்னதுதான். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவே இல்லை: டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியின் துவாரம் அடைத்திருக்கிறது. திரும்பப் பூட்டும்போது பிளக்கைக் கையாலேயே திருகி உள்ளே விடுங்கள், சூடான அலுமினியத்தில் முறுக்கினால் புரி போய்விடும்.

பிளக் வெளியே இருக்கும்போதே ஸ்பார்க்கும் பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு மிச்சப் பிளக் வைத்திருங்கள். அதைக் கேப்பில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடலை இன்ஜின் உலோகத்தில் ஒட்டவைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தூரமாக, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஓட்டையிலிருந்து பெற்றோல் ஆவி வரும், நெருப்புப் பிடிக்கும், அதனால்தான் தூரம் என்கிறேன். நீலமாகச் 'சட் சட்' என்று வெட்டினால் சீடிஐயும் கொயிலும் நல்லது, அந்தக் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும். மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கராஜ்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அப்போதும் உடனே வாங்க வேண்டாம். ஸ்டாண்டில் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் சீடிஐயைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்டு மாட்டிப் பாருங்கள். மாற்றியும் சூட்டில் ஸ்பார்க் வராவிட்டால் அடுத்தது கொயில், அதற்கடுத்தது மெக்னட் பக்கம் இருக்கும் பல்சர் கொயில், எப்போது ஸ்பார்க் வெட்ட வேண்டும் என்று சீடிஐக்குச் சொல்வது அதுதான்.

மலை ரோட்டில் வளைவுக்கு ஒரு ஓடை இருக்கிறதே, அதுவும் உதவும். துணியை நனைத்துப் பிழிந்து கார்பரேட்டர் கிண்ணத்தின் மேல் மட்டும் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ஹெட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடிப்பு விடும். துணி சுற்றியபின் ஸ்டார்ட் ஆனால் இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கார்பரேட்டர் சூடுதான்.

பெற்றோல் ஏன் அதிகமாகிறது, கார்பரேட்டர் ஏன் சூடேறுகிறது என்பதைத் தேட, நான் முதலில் போவது சோக் கேபிளுக்கு. நம் பக்கம் தினமும் காலையில் சோக் இழுக்கிறோம், மூடுபனியும் மழையும் சேர்ந்து கேபிள் உள்ளே துருப்பிடித்து முழுசாகத் திரும்பாது. கைப்பிடி உள்ளே போயிருக்கும், கார்பரேட்டர் பக்கம் சோக் கொஞ்சம் திறந்தே நின்று பெற்றோலை அதிகமாக விடும். கைப்பிடியை நம்பாதீர்கள், அந்தப் பக்கத்தில் விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டாவது, கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கிற கறுப்புத் துண்டு. அது வெடித்திருந்தாலோ, யாராவது கழற்றிப் பூட்டும்போது விட்டிருந்தாலோ சூடு நேராக ஏறும். ஃபேன் கவரும் தகடுகளும் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள், ட்யூனிங்கை மேலே நுவரெலியாவிலேயே, இன்ஜின் சூடாக இருக்கும்போது வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியிலும் கை லீவர் இருந்தால் காலையில் ஒரு தடவை, நுவரெலியாவில் நின்றதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பிடிப்பில் வித்தியாசம் தெரிந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், டப்பட்டிலிருந்து தொடங்க வேண்டும். பிளக் ஈரமா, ஸ்பார்க் என்ன நிறம், லீவர் எப்படி என்று மூன்றையும் இங்கே எழுதுங்கள். இரவு வண்டி விட்டபின் பார்த்துப் பதில் போடுகிறேன்.