நண்டுக் கொட்டகைக்கு வந்த மனித உரிமைப் படிவம்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அருகே நண்டுச் சதை பிரிக்கும் கொட்டகை நடத்துகிறேன். 26 பெண்கள் வேலை செய்கிறார்கள். சரக்கு எடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனி, ‘மனித உரிமை உறுதிமொழி’ என்று நான்கு பக்கப் படிவம் அனுப்பியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் கணக்கர். எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கும் இது பொருந்துமா? குறையை ஒப்புக்கொண்டால் ஆர்டர் போய்விடாதா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு ‘ஆம்’முக்கும் நாளை பதில் சொல்ல வேண்டியவர் கணக்கர் அல்ல, நீங்கள்.

பொருந்துமா என்றால், பொருந்தும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்களில் ஒன்பது கோட்பாடுகள் உண்டு. ஐந்தாவது, மனித உரிமைகளை மதிப்பது. சிறிய தொழில், பெரிய தொழில் என்ற பேதம் அதில் இல்லை. அது சட்டமல்ல. ஆனால் பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் இதுபற்றி அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. ‘உங்கள் ஒப்பந்தங்களில் மனித உரிமை நிபந்தனைகள் உண்டா?’ என்பது அதில் ஒரு கேள்வி. சரக்கு வாங்கும் வெளிநாடுகளிலும் இப்படித்தான்; உதாரணமாக, ஜப்பான் அரசு 2022 செப்டம்பரில் தன் நாட்டுக் கம்பெனிகளுக்கு இத்தகைய வழிகாட்டுதல்களைத் தந்தது. மேலே கேட்கும் கேள்விதான் கைமாறிக் கைமாறி உங்கள் வாசலுக்கு வருகிறது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011-இல் ஏற்ற கோட்பாடுகள். உன் தொழிலால் யாருக்கு என்ன தீங்கு வரக்கூடும் என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள், தடுத்து நிறுத்து, நேர்ந்துவிட்டால் சரிசெய் என்பதே அவற்றின் சாரம்.

இந்தக் கரையில் ஒரு கொட்டகையைப் பார்க்கப் போயிருந்தேன். படிவத்தில் ‘குடிநீர்: உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான், குடம் நிரம்பியிருந்தது. மதியம் மூன்று மணிக்கும் அப்படியே நிரம்பியிருந்தது. கழிப்பறைச் சாவி மேற்பார்வையாளர் சட்டைப்பையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவரிடம் போய்க் கேட்பதற்குக் கூசி, பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. ஐஸில் ஊறி வெளுத்த விரல்களில் நண்டு ஓடு கீறிய காயங்கள். அவற்றின் மேல் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தார்கள். அந்தப் படிவத்தில் பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்தப் பெண்களின் பாடு அதில் இல்லை.

அதனால் முதலில் அவர்களோடு உட்காருங்கள். மேற்பார்வையாளர் கூட இருக்க வேண்டாம். பேச்சைத் தொடங்க ஒரு பெண்ணையே அழையுங்கள்.

அடுத்து முன்பணக் கணக்கு நோட்டு. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் அடுப்பெரிய முன்பணம் வாங்குவார்கள். கொடுப்பது தவறல்ல. ‘கடன் தீரும்வரை வேறு கொட்டகைக்குப் போகக் கூடாது’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகிவிடலாம். கடன் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். கிலோ கணக்கில் கூலி கொடுத்தாலும் நாள் வருமானம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்பதால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழுவும் வேண்டும். தலைமை ஒரு பெண்ணுக்கு; வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம்.

ஆர்டர் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் குறை தெரிந்ததும் உறவை வெட்டிவிடாமல், முதலில் திருத்த உதவ வேண்டும், வெட்டுவது கடைசி வழி என்றே ஜப்பானின் வழிகாட்டுதல்கள் வாங்குபவருக்குச் சொல்கின்றன. கம்பெனியிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள். கையுறைக்கும் கழிப்பறைக்கும் ஆகும் செலவைக் கிலோ விலையில் சேர்த்துக் கேளுங்கள். உரிமையை மதிக்கச் சொல்பவர் விலையை அடிமட்டத்துக்கு அடித்துப் பேசுவது நியாயமில்லை.

பிறகு படிவத்தை நிரப்புங்கள். ‘கழிப்பறை ஒன்றுதான் உள்ளது, பூட்டு எடுத்தாயிற்று, இரண்டாவது மூன்று மாதத்தில் முடியும்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கட்டத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைத்து, ஒரு நகலைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.